கேட்டுக்கு எதிரே நான் கட்டிய ஃப்ளெக்ஸ்

அன்புள்ள பவிக்கு,

இந்தக் கடிதத்தை உன் அம்மா கொடுத்தனுப்பும் வேர்க்கடலை உருண்டை டப்பாவின் அடியில் வைக்கிறேன். மேலே வைத்தால் கையெழுத்தைப் பார்த்ததும் நைனா என்று தெரிந்துகொண்டு, அப்புறம் படிக்கலாம் என்று பெட்டியில் போட்டுவிடுவாய். அடியில் இருந்தால் உருண்டை தீர்ந்ததும் கைக்கு வந்துதான் ஆகவேண்டும். உன் ரூமில் நாலு பெண்கள் இருக்கிறீர்கள், உருண்டையோ உன் அம்மா பிடித்தது. அதனால் ஞாயிற்றுக்கிழமைக்குள் நீ இதைப் படித்துவிடுவாய் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. தமிழில் எழுதுகிறேன். நீ ஐந்தாவதுக்குப் பிறகு தெலுங்குக்கும் இங்கிலீஷுக்கும் போய்விட்டாய், தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய் என்று தெரியும். எனக்கு எழுத வருவது இது ஒன்றுதான். பத்தாவது வரைக்கும் தமிழ் மீடியம், கட்டுரை எழுதச் சொன்னால் பேப்பர் போதாது என்று வாத்தியாரிடம் இன்னொன்று கேட்டு வாங்குகிறவன் நான். ஆகவே இதுவும் நீளமாகத்தான் போகும். மெதுவாகப் படி.

கொஞ்ச நாளாகவே நீ என்னோடு பேசுவதில்லை. பேசுவதில்லை என்று சொன்னால் தப்பு. போனை நான் எடுத்தால், "துன்னியா நைனா? நான் நல்லா கீறேன். அம்மாகிட்ட குடு" என்கிறாய். அதற்குப் பிறகு உன் அம்மா போனைக் காதில் வைத்துக்கொண்டு தோட்டத்துப் பக்கம் போனால், நான் டீ ஆறி ஏடு கட்டும்வரை காத்திருக்க வேண்டியிருக்கிறது. உனக்கு என்மேல் கோபம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நியாயமான கோபம்தான், தானாக ஆறட்டும் என்று சும்மா இருந்தேன். ஆனால் நேற்று சாயங்காலம் சரக்கு ஆட்டோவைக் கழுவிக்கொண்டிருந்தபோது உன் அம்மா வந்து பக்கத்தில் நின்றாள். எதையோ சொல்லத்தான் வந்திருக்கிறாள் என்று அவள் நின்ற நிலையிலேயே தெரிந்தது.

"பவி அந்த கிளப்ப உட்டுடப் போறாளாம்" என்றாள்.

"ஏன்? இன்னா ஆச்சி?"

"ஞாயித்திக்கெயம மீட்டிங்ல எல்லார் எதிர்லயும் எய்ந்து நின்னு, அந்த ஃப்ளெக்ஸ் யாரு வெச்சதுன்னு சொல்லணுமாம். தன்ன பத்தி தானே ஃப்ளெக்ஸ் வெச்சிக்கிறவங்க எங்களுக்கு வாணாம்னு பெரிய கிளாஸ் பசங்க சொல்லிக்கினு கீறாங்களாம்."

"எங்க நைனா வெச்சாருன்னு சொல்ல வேண்டியதுதானே? ஒரு வார்த்தைல முடிஞ்சிட்ற விசயம்."

உன் அம்மா குழாயை மூடினாள். "சொல்ல மாட்டாளாம். எங்க நைனாவப் பாத்து அவங்கல்லாம் சிரிக்கறதுக்கு உட மாட்டேன், அதுக்கு நான் கிளப்பயே உட்டுடறேன்றா. உங்கிட்ட சொல்ல வாணாம்னா. நான் சொல்லிட்டேன்."

அதற்குமேல் அவள் நிற்கவில்லை. நான் குழாயைத் திறந்து, கழுவிய சக்கரத்தையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தேன். நீ கோபமாக இருந்திருந்தால் தேவலையே என்று தோன்றியது. கோபத்துக்கு என்ன, ஒரு தடவை வந்து காலைப் பிடித்தாவது சரிசெய்துவிடலாம். இதை என்ன செய்வது? என்னைக் காப்பாற்றுவதற்காக நீ ஆசைப்பட்டதை விடுகிறேன் என்கிறாய். உன்னைப் பெற்ற நாளிலிருந்து நான்தான் உன்னைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்திருந்தேன். எப்போது இந்த வேலையை நீ எடுத்துக்கொண்டாய் என்று தெரியவில்லை. அழுகை வந்தது, சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. கையில் தண்ணீர்க் குழாய் இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

அந்த கிளப் உனக்கு எவ்வளவு பெரிது என்று எனக்குத் தெரியும். ஹாஸ்டலுக்குப் போன புதிதில் நீ தனியாகத்தான் சாப்பிட்டாய். உன் தெலுங்கில் நம் ஊர் வாசனை அடிக்கிறது என்று ஒருத்தி சொல்லிவிட்டாள். "நுவ்வு அரவமா?" என்று கேட்டாள், தமிழா என்று கேட்பதை அவர்கள் அப்படித்தான் கேட்பார்கள். அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமல்கூட இருக்கலாம். ஆனால் அன்றிலிருந்து வாயைத் திறப்பதற்கு முன்னால் வார்த்தையைத் தேட ஆரம்பித்தாய். சித்தூரில் எந்தக் கடையில் ஏறினாலும் பாதி வாக்கியம் தமிழ், பாதி தெலுங்கு என்று பேசி வாங்கிக்கொண்டு இறங்குகிற பெண், திருப்பதியில் போய் ஊமையானாள். அப்படி இருந்தவள் ஒருநாள் போன் பண்ணினாய். நான் சித்தூர் மண்டியில் வெல்ல மூட்டை இறக்கிக்கொண்டிருந்தேன். லீடர்ஷிப் கிளப் என்று ஒன்று இருக்கிறது, இன்டர்வியூ வைத்து ஆள் எடுத்தார்கள், ஃபர்ஸ்ட் இயரில் எடுத்தவர்கள் கொஞ்சம் பேர், அதில் நீ ஒருத்தி. இன்டர்வியூவில் ஒரு கேள்விக்கு மட்டும் உனக்குப் பதில் தெரியவில்லை என்றாய். "எப்பவாவது நாலு பேர வயி நடத்திக் கூட்டிக்கினு போயிருக்கியான்னு கேட்டாங்க நைனா. இல்லன்னு சொல்ட்டேன். அப்பவும் எடுத்துக்கினாங்க" என்றாய். உன் குரல் எனக்குப் பழைய குரலாகக் கேட்டது. மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன்.

இப்போது ஃப்ளெக்ஸ் கதைக்கு வருகிறேன். நீ கிளப்பில் சேர்ந்திருக்கிறாய், தலைவியாகிவிடவில்லை என்பது எனக்கு நன்றாகத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று தப்பித்துக்கொள்ள மாட்டேன். ஆனால் சந்தோஷம் வந்தால் நம் ஊரில் வேறு என்ன செய்வார்கள், நீயே சொல். காது குத்தினால் ஃப்ளெக்ஸ், இன்டர் பரீட்சை பாஸானால் ஃப்ளெக்ஸ், புது டிராக்டர் வாங்கினால் டிராக்டருக்கு மாலை போட்டு ஃப்ளெக்ஸ். எதிர்வீட்டுப் பையன் வெளிநாட்டு வேலைக்குப் போனபோது வாழ்த்தி ஒன்று வைத்தார்கள். வெயில் தாங்காமல் அவன் திரும்பி வந்தபோது வரவேற்று ஒன்று வைத்தார்கள். இத்தனை வருஷமாக எல்லார் வீட்டு ஃப்ளெக்ஸிலும் கீழ்வரிசையில் ஸ்டாம்பு அளவுக்கு என் முகம் இருந்திருக்கிறது. நம் வீட்டுக்கென்று ஒன்று வைக்க இதுவரை எனக்கு ஒரு காரணம் கிடைக்கவில்லை. அன்றைக்குக் கிடைத்தது. வண்டியை நேராக மணி கடைக்கு விட்டேன். மணியை உனக்குத் தெரியும், என்னோடு பத்தாவது படித்தவன், சித்தூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஃப்ளெக்ஸ் அடிக்கிறான்.

"இன்னான்னு போடணும்?" என்றான்.

"கிளப்ல மெம்பரா சேந்துகீதுன்னு போடு."

"மெம்பர்னு போட்டா எவன் திரும்பிப் பாப்பான்? மெம்பருங்க ஊரு பூரா கீறாங்க. காபோயே லீடர்னு போட்லாம்" என்றான். வருங்காலத் தலைவர் என்று அர்த்தம். மேலே தெலுங்கில் அப்படி, கீழே தமிழில் 'எங்கள் வீட்டு எதிர்காலமே' என்று அவனே யோசித்துப் போட்டான். படிக்க நன்றாகத்தான் இருந்தது. எந்தக் கட்சித் தலைவர் படம் மேலே போடட்டும் என்று கேட்டான். கட்சியே இல்லை என்றேன். கட்சி இல்லாமல் என்ன லீடர் என்று கொஞ்ச நேரம் குழம்பி, காலியாக இருந்த அந்த இடத்தில் இரண்டு சிங்கங்களை வைத்துவிட்டான்.

போட்டோதான் பெரிய தப்பு. உன் அம்மாவை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நடந்திருக்காது. என் போனில் உன் படங்களைத் தேடினால் எல்லாம் நீ ஓடிக்கொண்டே எடுத்தது, பாதி முகம், நாக்கு, முதுகு. நேராக நின்று சிரித்த ஒரே படம் உன் மஞ்சள் நீராட்டு விழாவில் எடுத்தது. பட்டுப்பாவாடை, ஒட்டியாணம், தலையில் சடை வில்லை, கழுத்து தெரியாத அளவுக்கு மாலை. எனக்கு அந்தப் படத்தைப் பார்த்தால் இன்றைக்கும் நெஞ்சு நிறையும். அதையே கொடுத்தேன். ஒரு யுனிவர்சிட்டி கேட்டுக்கு எதிரே, உன்னோடு படிக்கிற பையன்கள் போய் வருகிற பாதையில், உன் வயசுக்கு வந்த விழாப் படத்தைத் தொங்கவிடுகிறோமே என்று எனக்கு உறைக்கவே இல்லை. எனக்கு அது என் மகள் அழகாக இருக்கிற படம், அவ்வளவுதான். அடியில் மாமா, சித்தப்பா, ஆட்டோ ஸ்டாண்டு ஆட்கள் எல்லாருடைய முகமும் வரிசையாக. என்னுடையது கறுப்புக் கண்ணாடி போட்டது, கண்ணாடி மணியுடையது. உன் அம்மா எப்போதுமே போட்டோவுக்கு நிற்க மாட்டாள் என்பதால் அவளுடையதை ரேஷன் கார்டில் இருந்து எடுத்துப் போட்டோம். அதற்கு அவள் இன்னும் என்னை மன்னிக்கவில்லை.

முதல் ஃப்ளெக்ஸை நம் ஊர்க் கூட்டு ரோட்டில் கட்டினேன். "பொண்ணு காலேஜ்ல சேந்தாளா, எலெக்சன்ல நின்னாளா?" என்று உன் அம்மா கேட்டாள். அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். இரண்டாவது ஒன்று அடித்து வைத்திருந்தேன், அது அவளுக்குத் தெரியாது. திருப்பதியில் ஒரு ஸ்வீட் கடைக்கு வெல்லம் லோடு கிடைத்தது. விடிகிற நேரத்தில் போய்ச் சேர்ந்தேன். உங்கள் கேட்டுக்கு எதிரே இரண்டு வேப்பமரங்கள் இருக்கின்றனவே, அந்த இரண்டுக்கும் நடுவில் இழுத்துக் கட்டினேன். யாரையும் அனுப்பிக் கட்டவில்லை பவி. நானே கட்டினேன். கட்டிவிட்டுப் போகவும் இல்லை. ஹாஸ்டலிலிருந்து கிளாஸுக்கு நீ அந்த வழியாகத்தான் வருவாய் என்பதால், டீக்கடையில் பன் பாட்டில்களுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். நீ நிமிர்ந்து பார்க்கிறபோது உன் முகம் எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டும், அதுதான் என் ஆசை.

பார்த்தேன். நீ இரண்டு பெண்களோடு பேசிக்கொண்டே வந்தாய். அந்தப் பெண்களில் ஒருத்திதான் முதலில் பார்த்துக் கையை நீட்டினாள். நீ நிமிர்ந்தாய். அடுத்த நொடி துப்பட்டாவைத் தலைமேல் இழுத்துக்கொண்டு வேகமாக கேட்டுக்குள் போய்விட்டாய். நான் இருக்கிறேனே முட்டாள், எல்லாரையும் கூட்டிவந்து காட்டத்தான் உள்ளே ஓடுகிறாய் என்று நினைத்தேன். இன்னொரு டீ சொன்னேன். அப்புறம் பையன்கள் வந்தார்கள். கீழே நின்று படம் பிடித்தார்கள், சிங்கத்தைப் போல் நின்று ஒருவன் போஸ் கொடுத்தான், ஒட்டியாணத்தைக் காட்டி ஒருவன் ஏதோ சொல்ல மற்றவர்கள் சிரித்தார்கள். அப்போதுதான் எனக்குப் புரிய ஆரம்பித்தது. டீயைக் கீழே வைத்துவிட்டேன்.

எழுந்துபோய் அவிழ்க்கலாம் என்று நான் பணத்தைக் கொடுக்கும்போது நீ வெளியே வந்தாய். தனியாக வந்தாய். துப்பட்டா இப்போது தோளில் இருந்தது. "லீடர்காரு ஒச்சேசாரு" என்று ஒருவன் கூவினான், தலைவர் வந்துவிட்டார் என்று. நீ அவன் பக்கம் திரும்பவில்லை. இன்னொருவன் கொஞ்சம் நல்ல பையன் போல, பிளேடு இருக்கிறது, அறுத்துவிடட்டுமா என்று கேட்டான். நீ மரத்தடிக்குப் போய் முடிச்சைப் பார்த்தாய். ரொம்ப நேரம் பார்த்தாய். லோடு கட்டுகிற முடிச்சு அது. எவ்வளவு இழுத்தாலும் இறுகும், தொங்குகிற நுனியைத் தெரிந்து பிடித்து உருவினால் மொத்தமாக அவிழ்ந்துவிடும். சின்ன வயதில் நான் வண்டியில் கயிறு கட்டி முடித்ததும் அந்த நுனியை உருவிவிட்டு ஓடுவதுதான் உனக்கு விளையாட்டு. நீ அந்தப் பையனைப் பார்த்துச் சொன்னது ரோட்டைத் தாண்டி எனக்குக் கேட்டது.

"கொய்யொத்து. மா நான்ன கட்டாரு. நேனே விப்புதா."

அறுக்காதே, எங்கள் நைனா கட்டினார், நானே அவிழ்க்கிறேன். அவ்வளவுதான் சொன்னாய். நம் ஊர் வாசனை அடிக்கிற அதே தெலுங்கில், ஒரு வார்த்தையும் தேடாமல் சொன்னாய். நுனியை உருவினாய். இந்த மரம், அந்த மரம். ஃப்ளெக்ஸ் விழுந்ததும் அதைக் காலால் தள்ளவில்லை, சுருட்டி எறியவில்லை. தரையில் விரித்து, தூசியைத் தட்டி, உன் அம்மா புடவை மடிப்பதைப் போல ஓரத்தோடு ஓரம் சேர்த்து மடித்தாய். கயிற்றையும் சுற்றி எடுத்துக்கொண்டாய். சிரித்துக்கொண்டிருந்தவர்கள் எப்போது நிறுத்தினார்கள் என்று நான் கவனிக்கவில்லை, நிறுத்தியிருந்தார்கள். மடித்ததைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு உள்ளே போனாய்.

நான் வெளியே வரவில்லை. காக்கிச் சட்டை, வெல்லப் பிசுக்கு ஒட்டிய லுங்கி, அதோடு போய் நின்றால் ஃப்ளெக்ஸை விடப் பெரிய கூத்தாகிவிடும் என்று நினைத்தேன். உனக்காகத்தான் மறைந்திருக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இல்லை பவி. எனக்குப் பயம். நீ அத்தனை பேர் எதிரே என்னை உன் நைனா என்று சொல்லிவிட்டாய், நான் அங்கேயே இருந்துகொண்டு ஆமாம் என்று சொல்லவில்லை. யாரோ வம்புக்குக் கட்டியது என்று நீ சொல்லியிருக்கலாம், எல்லாரும் நம்பியிருப்பார்கள், நானும் உன்மேல் ஒரு குறையும் நினைத்திருக்க மாட்டேன். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அந்த மூன்று வார்த்தைகள்தான், மா நான்ன கட்டாரு. வழக்கமாகப் பாட்டுப் போட்டுக்கொண்டு ஓட்டுகிறவன் அன்று பாட்டே போடவில்லை.

இப்போது அந்த இன்டர்வியூ கேள்விக்கு வருகிறேன். யாரையும் வழிநடத்தியதில்லை என்று நீ சொன்னது பொய். பொய் என்று உனக்கே தெரியாத பொய். நீ ஆறாவது படிக்கும்போது மாமா குடும்பத்தோடு நாம் திருமலைக்குப் போனோமே, நினைவிருக்கிறதா? நானும் மாமாவும் மொட்டை போட்டுக்கொண்டு, மீசையும் இல்லாமல், தலையில் சந்தனத்தோடு வெளியே வந்தால் அங்கே இருக்கிற அத்தனை பேரும் எங்களைப் போலவே இருந்தார்கள். மாமா வேறு யாரையோ நான் என்று நினைத்து அவர் பின்னால் போய்விட்டார். மாமாவைத் தேடி நான் போனேன். என்னைத் தேடி உன் அம்மா போனாள். உன் அம்மாவைத் தேடி அத்தை போனாள். நான் உனக்கு நேர் எதிரே வந்தும் நீ என் முகத்தைப் பார்த்துவிட்டு யாரோ என்று திரும்பிக்கொண்டாய், கூட்டம் என்னைத் தள்ளிக்கொண்டு போய்விட்டது. தேடப் போனவர்கள் எல்லாரும் தொலைந்தோம். மைக்கில் பேர் சொல்லிக் கூப்பிடுகிற இடத்துக்குப் போய், ஊர் பேரைச் சொல்ல வேண்டியவன் பதற்றத்தில் என் வண்டி நம்பரைச் சொன்னேன். கடைசியில் கால் ஓய்ந்து, செருப்பையாவது எடுத்துக்கொள்வோம் என்று செருப்பு விட்ட இடத்துக்கு வந்தால், நீ அங்கே உட்கார்ந்திருக்கிறாய். பக்கத்தில் உன் அம்மாவும் அத்தையும் மாமாவும். அது மட்டுமா, குப்பம் ஊரிலிருந்து வந்து மகனைத் தொலைத்த ஒரு தாத்தா, அம்மாவைக் காணாமல் அழுத ஒரு பெண் குழந்தை, எல்லாரையும் வரிசையாகச் சுவரோரம் உட்கார வைத்திருந்தாய். தாத்தாவிடம் தெலுங்கில் ஒன்று, மாமாவிடம் தமிழில் ஒன்று, யாரும் எழுந்து போகக் கூடாது என்று அதட்டல் வேறு.

"இங்க வந்து ஏன் குந்திக்கினே?" என்று கேட்டேன்.

"செருப்பு இல்லாம யாரும் ஊருக்குப் போவ மாட்டீங்க நைனா. எல்லாரும் இங்கதான் வந்தாவணும்" என்றாய்.

அந்தப் பெண்ணின் அம்மாவும், தாத்தாவின் மகனும் கொஞ்ச நேரத்தில் அங்கேயேதான் வந்தார்கள். நாம் எல்லாரும் சிரித்துவிட்டு மறந்துவிட்டோம். நீயும் மறந்துவிட்டாய். இதெல்லாம் அந்தக் கேள்விக்குப் பதிலாகும் என்று நமக்கு எப்படித் தெரியும்? எனக்குத் தெரிந்த லீடர்கள் எல்லாரும் ஃப்ளெக்ஸில் கும்பிட்டுக்கொண்டு நிற்பவர்கள்தான். உங்கள் கிளப்பில் என்ன சொல்லித் தருகிறார்கள் என்று எனக்குத் தெரியாது, அதைப் பற்றி அறிவுரை சொல்ல எனக்குத் தகுதியும் இல்லை. நான் பார்த்ததை மட்டும் சொல்கிறேன். எல்லாரும் பதறி ஓடிய இடத்தில் நீ உட்கார்ந்தாய். எல்லாரும் நின்று சிரித்த இடத்தில் நீ போய் அவிழ்த்தாய். இரண்டு தடவையும் நான் அங்கே இருந்தேன், இரண்டு தடவையும் நான் உதவாக்கரை.

ஆகவே இதைக் கேள். கேட்டில் நீ சொன்னது அங்கே நின்ற பையன்களோடு நின்றுவிட்டது போலிருக்கிறது, கிளப்பில் இருக்கிற பெரிய கிளாஸ் பிள்ளைகளுக்கு எட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை எழுந்து நின்று சொல். எங்கள் நைனா கட்டினார், எனக்குத் தெரியாது, நான் அவிழ்த்துவிட்டேன் என்று சொல். சிரிப்பார்கள். சிரிக்கட்டுமே, நான் என்ன கண்ணாடிப் பாத்திரமா, உடைந்துபோக? சிங்கத்தைப் பற்றிச் சொல். மணியின் கறுப்புக் கண்ணாடியைப் பற்றிச் சொல். ரேஷன் கார்டு விஷயத்தைச் சொன்னால் கிளப்பை நடத்துகிற மேடமே சிரித்துவிடுவார். என்னை வைத்து நாலு பேர் சிரித்தால் எனக்கு ஒரு குறைவும் வராது, ஆட்டோ ஸ்டாண்டில் தினமும் அதுதான் நடக்கிறது. ஆனால் நான் சிரிப்புக்கு ஆளாகக் கூடாது என்பதற்காக நீ வாயை மூடிக்கொண்டு வெளியே வந்தாய் என்றால், அதை என்னால் தாங்க முடியாது. அந்த ஃப்ளெக்ஸ் மரத்தில் இருந்தது ஒரு காலைப்பொழுதுதான். நீ இதற்காக விட்டுவிட்டு வந்தால் நான் சாகும்வரை அது எனக்குள்ளேயே தொங்கிக்கொண்டிருக்கும். கிளப் உண்மையிலேயே பிடிக்கவில்லை, படிப்புக்கு இடைஞ்சல், அந்த மனிதர்கள் சரியில்லை என்றால் தாராளமாக விட்டுவிடு, நான் ஒரு வார்த்தை கேட்க மாட்டேன். என்னைக் காரணமாக வைத்து மட்டும் விடாதே அம்மா.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், சத்தியமாக. இனிமேல் நீ என்ன ஆனாலும் ஃப்ளெக்ஸ் கிடையாது. கலெக்டர் ஆனாலும் கிடையாது. மணியிடம் சொல்லிவிட்டேன், அவனுக்குத்தான் வருத்தம். கூட்டு ரோட்டில் கட்டியதையும் அன்றைக்கே அவிழ்த்துவிட்டேன். நம் ஊரில் எந்த ஃப்ளெக்ஸும் வீணாவதில்லை, இப்போது அது வண்டியில் வெல்ல மூட்டைமேல் மூடுகிற படுதாவாக இருக்கிறது. உன் முகம் உள்பக்கமாகப் போட்டிருக்கிறேன். வெளிப்பக்கம் போட்டால் தூசி படும் என்றேன். உன் அம்மா என்னைப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். நீ மடித்து எடுத்துப்போனதை என்ன செய்தாய் என்று அவளைத்தான் கேட்டேன். பெட்டியில், துணிகளுக்கு அடியில் வைத்திருக்கிறாயாம். குப்பையில் போடாமல் ஏன் வைத்திருக்கிறாய் என்று அவள் கேட்டதற்கு, நீ பேச்சை மாற்றிவிட்டாயாம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எனக்கு மறுபடியும் திருப்பதி லோடு இருக்கிறது. உன் அம்மாவிடம் சொன்னேன். "இந்த வாட்டியாவது ஒய்ங்கா ஒரு சட்டைய போட்டுக்கினு போ" என்றாள். வெல்லத்தை இறக்கிவிட்டு உங்கள் கேட்டுப் பக்கம் வருவேன். மீட்டிங் முடிகிறவரை இருப்பேன். பன் பாட்டிலுக்குப் பின்னால் இல்லை. வேப்பமரத்தடியில், உள்ளேயிருந்து பார்த்தாலே தெரிகிற இடத்தில், வண்டியை நிறுத்திக்கொண்டு நிற்பேன். நீ மீட்டிங்கில் என்ன சொன்னாலும் சரி, சொல்லாமல் விட்டாலும் சரி, வெளியே வா. உன்னோடு வருகிறவர்கள் யார் இவர் என்று கேட்பார்கள். அதற்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்று நான் உனக்கு எழுதித்தரத் தேவையில்லை. நான் ஒளிந்துகொண்டிருந்தபோதே சொன்னவள் நீ.

உன்
நைனா